யாழ்நூலும் சுரமானியும்: விபுலாநந்த அடிகளாரின் விஞ்ஞான நோக்கு பற்றிய ஒரு மதிப்பீடு

சுவாமி விபுலாநந்தர் என்ற பெயரைச் சொன்ன அளவில் நம் மனக்கண்முன் எழுவது காவியுடுத்த துறவியின் உருவமே. அடுத்து நினைவுக்கு வருவது கவிஞர். அதன்பின் ‘முத்தமிழ் வித்தகர்’ என்னும் பட்டம். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் மட்டக்களப்புப் பகுதியெங்கும் அடிகளாரின் நினைவு விழாக்கள் நடைபெறுகின்றன. அவ்விழாக்களில் நிகழும் சொற்பொழிவுகளும் இம்மூன்று வரம்புகளுக்குள்ளேயே பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அடிகளார் முறையாகப் பயின்ற துறை பௌதிகமும் இரசாயனமும் என்பதும், அவர்தம் தலையாய நூல் அப்பயிற்சியின்றி எழுந்திருக்க முடியாது என்பதும் ஒரு வரியளவிற் சொல்லப்பட்டு மறக்கப்படுகின்றன.

கொக்கட்டிச்சோலையிற் பள்ளி மாணவனாக இருந்த காலத்தில் அத்தகைய விழாவொன்றில் இக்கட்டுரையாளனும் பேசியதுண்டு. மனனஞ்செய்த அடைமொழிகள் யாவற்றையும் சொல்லி முடித்து மேடையினின்று இறங்கியபோது, பௌதிகம் கற்பித்த ஆசிரியர் அருகில் அழைத்து, “யாழ்நூலைக் கணித நூல் என்றாயே தம்பி, அதில் அவர் எதைக் கணித்தார்?” என்று கேட்டார். விடை தெரியவில்லை. மேடையிலிருந்த பெரியோரும் விடை கூறினாரல்லர். தமிழ் படித்தோர் கணக்கைக் கண்டு நூலை மூடிவிடுகின்றனர். விஞ்ஞானம் படித்தோர் செய்யுளைக் கண்டு நூலைத் திறவாமலே விடுகின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையே, இருவருக்கும் உரிய நூலொன்று எவருக்கும் உரியதன்றாய்க் கிடக்கின்றது. அவ்வாசிரியரின் வினாவுக்குக் காலந்தாழ்த்தேனும் விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடிகளாரின் வாழ்க்கைக் குறிப்பை விஞ்ஞானக் கல்வி என்னும் ஒரு கோட்டில் வைத்துப் பார்ப்பது பயன்தரும். 1892ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் காரைதீவிற் பிறந்தவர் மயில்வாகனன். மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் பயின்று, கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916ஆம் ஆண்டு அவர் வாழ்வில் குறிக்கத்தக்கது. கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியின் விஞ்ஞான டிப்ளோமாவையும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டத்தையும் அவர் அவ்வோராண்டிலேயே பெற்றார். ஒரு கையில் சோதனைச்சாலைக் குறிப்பேடும் மறு கையில் சிலப்பதிகார உரையும் கொண்டு ஒருவர் படித்த ஆண்டு அது. பின்னர் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்று, 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபரானார். 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்து, 1924இல் துறவுபூண்டு விபுலாநந்தர் என்னும் பெயர் ஏற்றார். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு உழைப்பின் பயனான யாழ்நூல், 1947 யூன் 5, 6ஆம் நாட்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அதன்பின் ஆறு கிழமைகள் கழித்து, யூலை 19ஆம் நாள் அடிகளார் மறைந்தார்.

துறவு அவரை விஞ்ஞானத்தினின்று பிரித்தது என்று கொள்வது தவறு. 1936இல் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. அம்முயற்சியின் விளைவாக 1938இல் பல துறைச் சொற்களைக் கொண்ட தொகுதியொன்று வெளிவந்தது. இன்று இலங்கையில் உயர்தர வகுப்பு மாணவர் பௌதிகத்தையும் இரசாயனத்தையும் தமிழிற் படிக்கின்றனர். அதற்கு வழிசெய்தோர் பலர். அவருள் முற்பட நின்றோரில் அடிகளார் ஒருவர். எனினும் அவருடைய விஞ்ஞானத் தகைமையை நிறுவுவது கலைச்சொற் பணியன்று. யாழ்நூலே அதனை நிறுவுவது.

யாழ் என்னும் கருவி தமிழர் வழக்கினின்று மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன. கருவி எதுவும் கிடைத்திலது. எஞ்சியிருப்பன சங்க நூற் குறிப்புகள், சிலப்பதிகார அரங்கேற்று காதையின் சில அடிகள், அவற்றுக்கு அரும்பதவுரையாசிரியரும் அடியார்க்கு நல்லாரும் எழுதிய உரைகள், சிற்பங்கள் சில. இவற்றை மட்டுங்கொண்டு நரம்புகளின் ஒலிகளையும் அவை பாலை பாலையாகத் திரியும் முறையையும் மீட்டுரைப்பது இலக்கணப் புலமையால் மட்டும் ஆகும் செயலன்று. ஈர்க்கப்பட்ட இழையொன்றின் மீடிறன் அதன் நீளத்துக்கு நேர்மாறாகவும், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேராகவும், ஓரலகு நீளத் திணிவின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகவும் அமையும் என்பது 17ஆம் நூற்றாண்டில் மெர்சென் வகுத்த விதி. இதனை அறிந்த ஒருவர்க்கு ‘நரம்பு’ என்பது வெறுஞ்சொல்லன்று, அளக்கத்தக்க பொருள். அடிகளார் பழைய உரையை இந்தக் கண்ணோடு படித்தார்.

அக்கணித நெறியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஏழிசைக்குரிய அலகுகளைப் பழைய உரை, குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 எனக் கூறுகின்றது. கூட்டினால் 22 ஆகும். இவை எண்ணிக்கைகளேயன்றி மீடிறன் விகிதங்களல்ல. இனி, ஒலியியல் கூறும் இயற்கை விகிதங்களை இவற்றோடு பொருத்துவோம். நான்கு அலகுக்கு 9/8, மூன்று அலகுக்கு 10/9, இரண்டு அலகுக்கு 16/15 எனக் கொண்டு ஏழையும் பெருக்கினால் விடை சரியாக 2 ஆகின்றது. அதாவது, தொடங்கிய குரலின் இரட்டை மீடிறனுடைய மேற்குரலில் வந்து நிற்கின்றோம். குரலுக்கும் இளிக்கும் இடைப்பட்ட 13 அலகுகளைப் பெருக்கினால் 3/2 கிடைக்கின்றது. செவிக்கு மிக இனிய இசைவுகளுள் ஒன்று இது. ஓர் உரையாசிரியர் தந்த முழு எண்கள் ஏழும் பௌதிக விகிதங்களோடு இவ்வாறு ஒத்துப்போவதைக் கண்டபோது அடிகளார் எய்திய களிப்பை நாம் ஊகித்தறியலாம்.

ஆயினும் விமர்சகன் களிப்போடு நின்றுவிடலாகாது. மேற்கூறிய அலகெண்கள் ஒவ்வொரு நரம்புக்கும் கீழேயுள்ள இடைவெளியைக் குறிப்பனவா, மேலேயுள்ள இடைவெளியைக் குறிப்பனவா? இவ்வினா சிறிதாகத் தோன்றும், விளைவோ பெரிது. பல்கலைக்கழகத்துக்கு வந்தபின் பழைய ஆசிரியரின் வினாவை நினைந்து, சுரமானியில் 90 சதமமீற்றர் நீளமுள்ள கம்பியைக் குரலாக வைத்து இதனைக் கணித்துப் பார்த்தோம். கீழ் இடைவெளி எனக் கொள்ளின், துத்தம் 80, கைக்கிளை 72, உழை 67.5, இளி 60, விளரி 54, தாரம் 50.6, மேற்குரல் 45 சதமமீற்றரில் அமைகின்றன. இது இன்றைய அரிகாம்போதி மேளம். மேல் இடைவெளி எனக் கொள்ளின், துத்தமும் இளியும் இடம் மாறவில்லை. ஆனால் கைக்கிளை 71.1, உழை 64, விளரி 53.3, தாரம் 48 ஆகின்றன. இது கல்யாணி மேளம். உழை நரம்பொன்றை மட்டும் பார்த்தால் மூன்றரைச் சதமமீற்றர் வேறுபாடு. சங்கீதப் பயிற்சியில்லாத நண்பர்களும் இவ்வேறுபாட்டைச் செவியால் உடனே உணர்ந்தனர்.

அடிகளாரும் அவருக்குப் பின்வந்த ஆய்வாளர் பலரும் செம்பாலையை அரிகாம்போதியோடு பொருத்தினர். அதாவது முதலாவது பொருளையே கொண்டனர். இம்முடிவுக்கு ஆதாரமாக, செம்பாலையிற் குரல் மாறுந்தோறும் ஏனைய பாலைகள் ஒழுங்காகப் பிறத்தலை எடுத்துக்காட்டுவதுண்டு. இங்கே எச்சரிக்கை வேண்டும். அரிகாம்போதியினின்று குரல் திரித்துப் பெறும் ஏழு பாலைகளும் கல்யாணியினின்று திரித்துப் பெறும் ஏழும் பொதுநோக்கில் ஒரே தொகுதியே. எப்பெயர் எப்பாலைக்கு உரியது என்பது மட்டுமே மாறும். ஆகவே, ஏழும் ஒழுங்காகப் பிறக்கின்றன என்பது கணக்கின் உள்ளொழுங்கைக் காட்டுமேயன்றி, தொடக்கத் தெரிவு சரியென நிறுவாது. அதனை நிறுவுவதற்கு உரைகளின் வேறு குறிப்புகளையும், பண் வழக்கையும், ஓதுவார் மரபையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். யாழ்நூலின் பண்ணியலும் தேவாரவியலும் அப்பணியிற் புகுகின்றன. ஆனால் அவ்வியல்களின் வலிமையும் பாலைத் திரிபியலின் வலிமையும் ஒரே தன்மையனவல்ல. பாலைத் திரிபியலின் முடிவுகள் பெரிதும் கணக்கைச் சார்ந்தவை. தேவாரவியலின் முடிவுகள் வாய்மொழியாக வந்த வழக்கைச் சார்ந்தவை. இரண்டையும் ஒரே உறுதியுடன் ஏற்றுக்கொள்ளும் வாசகன் அடிகளாருக்கு நன்மை செய்தவனாகான்.

அலகு என்பது சமமான அளவா என்பது இரண்டாவது வினா. 22 அலகுகளும் சமமாயின் நான்கு அலகின் விகிதம் 1.134, இயற்கை விகிதமான 9/8 என்பதோ 1.125. மூன்று அலகுக்கு 1.099, 10/9 என்பது 1.111. இவை ஒத்தன அல்ல. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் 22 என்னும் எண்ணையே மறுத்து, சம அளவான 24 அலகுகளை நிறுவ முற்பட்டார் என்பதை இங்கு நினைதல் வேண்டும். பண்டிதரும் அடிகளாரும் ஒரே பழந்தமிழ்ச் சான்றுகளை முன்வைத்து வெவ்வேறு முடிவுகளை எய்தினர். இருவரையும் ஒரே மூச்சிற் போற்றி, இருவருக்கும் மாலை சூட்டி அமைவது நமது விழா மரபு. இருவர் முடிவுகளும் ஒருங்கே சரியாக இருத்தல் இயலாது என்பதை எடுத்துரைக்க நாம் கூசுகின்றோம். கூச்சம் புலமைக்கு அணியன்று.

மூன்றாவது குறையொன்றும் உண்டு. அரங்கேற்றத்தின்போது அடிகளாரின் கணக்குப்படி செய்யப்பட்ட யாழ்க்கருவிகள் மக்கள்முன் கொணரப்பட்டு இசைக்கப்பட்டன. அது வரலாற்றுப் புகழ்மிக்க நிகழ்ச்சி. ஆயின் அது எதனை மெய்ப்பித்தது? கணக்கின்படி செய்த கருவி கணக்கின்படி ஒலித்தது என்பதை மெய்ப்பித்தது. பழந்தமிழர் மீட்டிய யாழ் அவ்வாறே ஒலித்தது என்பதை அது மெய்ப்பிக்கவில்லை, மெய்ப்பிக்கவும் இயலாது. பத்தரின் மரம், போர்வைத் தோல், நரம்பின் பொருள், கோட்டின் வளைவு ஆகியன ஒலியின் பண்பைப் பெரிதும் மாற்றவல்லன. இவை பற்றிய அளவீடு, சோதனைச்சாலையில் நிகழவேண்டிய வேறொரு வேலை. அடிகளாரின் சமகாலத்தவரான ச. வெ. இராமன், கல்கத்தாவில் இருந்த காலத்தில் மிருதங்கத்தின் மேற்றொனிகள் இசை விகிதத்தில் அமைவதைப் பரிசோதனையால் அறிந்து 1920இல் வெளியிட்டார். இராமனுக்கு ஆய்வுகூடமும் கருவிகளும் மாணவர் குழுவும் வாய்த்தன. அடிகளாருக்கு வாய்த்தவை நூல்களும், மடத்துப் பணிகளின் இடைவேளைகளும், இறுதியில் நோயுற்ற உடலும். அவர் செய்யாதது குற்றமன்று. அவர் மறைந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் நாம் செய்யாதிருப்பதே குற்றம்.

இவ்வளவு ஐயங்களை எழுப்பியபின் அடிகளாரை விஞ்ஞானி என்பது பொருந்துமா எனச் சிலர் வினவக்கூடும். யாழ்நூல் விஞ்ஞான நூலன்று, சொல்லாராய்ச்சி நூலே என்பாரும் உளர். எமது கருத்து வேறு. ஒருவரை விஞ்ஞானியாக்குவது அவர் கண்ட முடிவின் அழியாமையன்று. தாம் கண்டதைப் பிறர் அளந்து சரிபிழை காணத்தக்க வடிவில் வைத்துச் செல்லும் நேர்மையே. ‘யாழிசை தேனினும் இனியது’ என்று ஒருவர் சொன்னால் அதனை மறுக்க வழியில்லை. ‘இந்நரம்பு இவ்விகிதத்தில் நின்றது’ என்று சொன்னால் மறுக்க வழியுண்டு. அடிகளார் இரண்டாவது வகையாற் பேசினார். பெருமிதம் மட்டும் போதும் என்று கருதியிருந்தால், பழந்தமிழிசை ஒப்புயர்வற்றது என்று பாடிவிட்டு அவர் அமைந்திருக்கலாம். அக்காலச் சூழலில் அதுவே பெரும் வரவேற்பைப் பெற்றிருக்கும். அவர் எண்களைத் தந்தார். எண்களைத் தந்தமையால் தம்மைப் பிழைபட்டவராகக் காட்டும் வாய்ப்பையும் நமக்குத் தந்தார். மேலே நாம் எழுப்பிய ஐயங்கள் யாவும் அவர் கைக்கொண்ட நெறியையே கொண்டு எழுப்பப்பட்டவை. இதுவே அவர் புகழின் உறுதியான அடித்தளம்.

இத்தகைய நூல் மட்டக்களப்பு மண்ணின் மைந்தரொருவரால் எழுதப்பட்டது தற்செயலாகாது என்றும் தோன்றுகின்றது. ஏனைய இடங்களிற் சிலப்பதிகாரம் ஏட்டிற் கிடந்தது. இங்கே கண்ணகி கோயில்கள்தோறும் வழிபாடாக வாழ்ந்தது. காரைதீவிலும், வாவியின் மேற்கே படுவான்கரை ஊர்கள் பலவற்றிலும் வைகாசித் திங்களிற் கதவு திறந்து வழக்குரை பாடிக் குளிர்த்தி செய்வர். அவ்வொலியைக் கேட்டு வளர்ந்த சிறுவனுக்கு அரங்கேற்று காதை அந்நியமாக இருந்திராது. அதனோடு வாவியின் ஓசையும் சேர்ந்தது. நிலவு காலத்து இரவுகளிற் கல்லடிப் பக்கத்து நீரினடியிலிருந்து எழும் மெல்லிசையை 1848இல் எமர்சன் ரெனன்ற் என்னும் ஆங்கிலேய அதிகாரி கேட்டு எழுதிவைத்தார். அதனையே அடிகளார் நீரரமகளிர் இசையாகப் பாடி யாழ்நூலில் அமைத்தார். அவ்வொலியை எழுப்புவது மீனென்பாரும் ஊரியென்பாரும் உளர். ஐயந்திரிபற இன்னும் நிறுவப்படவில்லை. இங்கும் அடிகளார் நமக்கு விட்டுச் சென்றது ஒரு வினாவே. பாடும் மீனைப் பட்டயங்களிலும் முத்திரைகளிலும் பொறித்துள்ளோம். அதன் பாட்டை அளக்க எத்தனை பேர் வாவியில் இறங்கினோம்?

யாழ்நூலின் செல்வாக்கு இன்று பலவகையாகப் பரந்துள்ளது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை 1974இல் மீண்டும் பதிப்பித்தது. தமிழ்ப் பண்ணாராய்ச்சியிற் புகுவோர் எவரும் அந்நூலைத் தாண்டாமற் செல்ல இயலாது. அடிகளாரின் பெயரால் மட்டக்களப்பில் 1982இல் தொடங்கப்பெற்ற இசை நடனக் கல்லூரி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்துள்ளது. தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில் இளைஞர் சிலர் யாழினை மீளச்செய்து மேடையில் இசைக்கின்றனர். இவை மகிழ்ச்சி தருவன. ஆயினும், தமிழ்த்துறையும் பௌதிகத்துறையும் இசைத்துறையும் ஒரு மேசையைச் சுற்றியமர்ந்து யாழ்நூலை இயல் இயலாகப் பரிசோதிக்கும் முயற்சியே இன்று வேண்டப்படுவது. அதற்கு வேண்டிய கருவிகள் அரியனவல்ல. ஒரு சுரமானி, சில இசைக்கவைகள், ஒலியைப் பகுத்துக் காட்டும் கணினி, உரைநூலைப் பொருளறிந்து படிக்கவல்ல ஒருவர், பண்களைப் பாடவல்ல ஒருவர் போதும். இன்று மாணவர் கையிலுள்ள தொலைபேசியே மீடிறனை அளந்து காட்டுகின்றது. அடிகளாருக்குக் கிட்டாத வசதி இது.

அவ்வாறு பரிசோதித்தால் யாழ்நூலின் சில முடிவுகள் நிலைபெறும், சில வீழும். வீழ்வது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நியூற்றனின் ஒளிக்கொள்கையிற் பெரும்பகுதி நிலைக்கவில்லை. அதனால் நியூற்றன் குறைந்தாரல்லர். ஒரு கூற்றுமே பிழையாகாது என்று நாம் காவல் நின்றால், விஞ்ஞான ஆசிரியராயிருந்த அவரைச் சாத்திரம் சொன்னவராக்கி விடுகின்றோம். அவர் வகுப்பிற் பயின்றிருந்தால் நமக்கு முதலிற் கற்பிக்கப்பட்டிருக்கக்கூடிய பாடம், சொன்னவர் யாரென்று பாராமல் அளந்து பார் என்பதாகவே இருந்திருக்கும்.

மண்முனைத் துறையில் 2014இற் பாலம் திறக்கப்படும்வரை, கொக்கட்டிச்சோலையிலிருந்து எழுவான்கரைக்கு வருவோர் பாதையேறி வாவியைக் கடந்தனர். பாதை வரும்வரை காத்திருந்த பொழுதுகள் நெடியவை. தமிழும் விஞ்ஞானமும் இன்று அவ்வாறே இரு கரைகளில் நின்று ஒன்றையொன்று பார்த்துக் கொண்டிருக்கின்றன. அவ்விரண்டையும் ஓராண்டிலேயே கடந்த மயில்வாகனனாருக்கு நாம் செய்யத்தக்க நினைவு விழா, ஒரு பள்ளிச் சோதனைச்சாலையில் நடக்கலாம். தொண்ணூறு சதமமீற்றர்க் கம்பியொன்றை இழுத்துக் கட்டி, அறுபதில் விரல் வைத்து, இளி ஒலிக்கின்றதா என்று மாணவரைக் கேட்கச் செய்தல் வேண்டும். “அவர் எதைக் கணித்தார்?” என்ற வினாவுக்கு அந்த ஒலி முதல் விடையாகும். அடுத்த விரலை அறுபத்தேழரையில் வைப்பதா, அறுபத்து நான்கில் வைப்பதா என்பதை அம்மாணவரே ஆராய்ந்து சொல்லட்டும்.